எக்ஸைட் ஆகக்கூடாது

கோபம் என்பது இங்கிலீஷ் அரைகுறையாகத் தெரிந்தவர்களுக்கு வருகிற வியாதி. இதை ஸ்ரீகண்டன் விளையாட்டாகச் சொல்லவில்லை. 1975-ஆம் வருஷத்து ஜனவரியில், மைசூரில் ஒரு கல்லூரி கேன்டீனில், பி.ஏ. இங்கிலீஷ் கடைசி வருஷத்துப் பையன்கள் நாலு பேர் ஒரே மசால் தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்த மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொன்னான்.

"வார்த்தை கிடைக்காதவனுக்குத்தான் சத்தம் தேவைப்படும். எனக்கு எல்லா வார்த்தையும் கிடைக்கும். அதனால எனக்கு ஆயுசுக்கும் கோபம் வராது. எழுதி வெச்சுக்கோங்க."

யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தோசை தீர்ந்துவிடுமே என்ற கவலை அவர்களுக்கு.

தன் கட்சிக்குச் சான்றாக அவன் எப்போதும் காட்டுவது சொந்தத் தகப்பனாரைத்தான். வைத்யநாதன் ரயில்வேயில் கார்டு. இருபத்தாறு வருஷமாக வண்டியின் கடைசிப் பெட்டியில் நின்று பச்சைக் கொடி காட்டியவர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கார்டு ஒரு ரிப்போர்ட் எழுத வேண்டும்: எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை நிமிஷம் தாமதம், என்ன காரணம். மற்ற கார்டுகள் அந்தக் காகிதத்தை ஆபீஸில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள். வைத்யநாதன் வீட்டுக்கு வந்தும் எழுதினார். நாற்பது பக்க நோட்டு ஒன்றில், வீட்டையே ஒரு பாசஞ்சர் வண்டியாகப் பாவித்து.

'காலைக் காபி 5.40க்கு வர வேண்டியது, 5.52க்கு வந்தது. 12 நிமிடம். காரணம்: பால் திரிந்தது.' 'விசாலாக்ஷி காலேஜுக்குக் கிளம்பியது 9 நிமிடம் தாமதம். காரணம்: பின்னல்.'

காரணம் சொல்லிவிட்டால் மனிதர் பசு. எந்தக் காரணமானாலும் சரி, பல்லி விழுந்தது என்றால்கூட எழுதிக்கொண்டு போய்விடுவார். காரணமில்லாத தாமதம்தான் அவருக்கு ஆகாது. 'காரணம் தரப்படவில்லை' என்று எழுதும்போதே காது மடல் சிவக்கும். அப்புறம் சாமராஜபுரத்தில் அந்தத் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி குரல் எழும்பும்.

"பதினோரு நிமிஷம்! என்ன, நடுக்காட்டுல நின்னுதா ரசம்? சிக்னல் விழலையா?"

இதை ஸ்ரீகண்டன் 'ஒரு குடும்பத்தின் ரயில் அறிக்கை' என்ற தலைப்பில் இங்கிலீஷில் எழுதிக் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டினான். 'தாத்தா காலமானது நாற்பது நிமிடம் தாமதம். காரணம் தரப்படவில்லை' என்ற வரியை மூன்று நாள் பையன்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாநிலத்தின் பேர் கர்நாடகம் என்று மாறி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் பழைய ரப்பர் ஸ்டாம்பையே குத்திக்கொண்டிருந்த கல்லூரி ஆபீஸ் குமாஸ்தாகூட வந்து படித்துவிட்டு, "சென்னாகிதெ", நன்றாயிருக்கிறது, என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வந்து படித்த கொஞ்ச நாளிலேயே, டிசம்பர் முதல் வாரத்தில், வைத்யநாதனுக்கு நெஞ்சு வலித்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலித்தது. அவர் வண்டியை நிறுத்தவில்லை. மைசூர் வந்து சேர்ந்து, ரிப்போர்ட்டைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, அதற்கப்புறம்தான் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். ரிப்போர்ட்டின் கடைசி வரி: 'கார்டுக்கு மார்வலி, 4.12. வண்டிக்குத் தாமதம் இல்லை.'

மூன்று வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், நோயாளியைப் பார்த்துச் சொல்லாமல் மனைவி சீதாலக்ஷ்மியைப் பார்த்து இங்கிலீஷில் ஒரே வாக்கியம் சொன்னார். இன்னும் இரண்டு மாதத்துக்கு ஹி ஷுட் நாட் பி எக்ஸைடட். அதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

"எக்ஸைட்னா என்னடா?" என்று சீதாலக்ஷ்மி தாழ்வாரத்திலேயே மகனைப் பிடித்துக்கொண்டாள். "கோபமா?"

"கோபமும் உண்டும்மா."

"உண்டும்னா? இன்னும் என்னென்ன இருக்கு அதுக்குள்ள?"

"பார்த்துச் சொல்றேன்."

"அவசரமாப் பாரு. நாளைக்கு அவர் ஆத்துக்கு வரார்."

கல்லூரி நூலகத்தில் தலையணை கனத்துக்கு ஓர் அகராதி இருந்தது. அதை மேஜையில் போட்ட சத்தத்திலேயே நூலகர் எக்ஸைட் ஆனார். அந்த ஒரு வினைச்சொல்லுக்கு அகராதி அரைப் பத்தி ஒதுக்கியிருந்தது. உணர்ச்சியைக் கிளறுவது என்பது ஆரம்பம்தான். எந்த உணர்ச்சி என்று அது வரம்பு கட்டவில்லை. கோபத்தைக் கிளறலாம், ஆசையைக் கிளறலாம், பொறாமை, பரிதாபம், நம்பிக்கை, எதையும். தூங்குகிற மிருகத்தை உசுப்பலாம். நரம்பைச் சுண்டலாம். கூட்டத்தைத் தூண்டிவிடலாம், சர்க்காருக்கு எதிராகத் தூண்டினால் பிடித்து உள்ளே போடுகிற சட்டத்திலும் இதே சொல்தான் உட்கார்ந்திருந்தது. பௌதிகம் படிக்கிற விஸ்வேஸ்வரனைக் கேட்டதில், அணுகூட எக்ஸைட் ஆகும் என்றான். ஒரு படி மேலே ஏறி, அங்கே நிற்க முடியாமல் கீழே விழும்போது வெளிச்சம் விடுமாம்.

"அப்புறம் டைனமோ இருக்குடா. காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் குடுத்து எக்ஸைட் பண்ணணும். இல்லேன்னா அது பாட்டுக்குச் சுத்திண்டிருக்கும், ஒண்ணும் வராது."

ஸ்ரீகண்டன் அதையும் குறித்துக்கொண்டான். சில்லறை பாக்கி கேட்கிற ஆளிடம் மைசூர் பஸ் கண்டக்டர் "எக்ஸைட் ஆகபேடி ஸ்வாமி", ஆகாதீர்கள் ஐயா, என்று சொல்வது மட்டும் அகராதியில் இல்லை. அதை அவனே கடைசியில் சேர்த்தான். ஆக மொத்தம் ஒரு முழு ஃபூல்ஸ்கேப் தாள். அதைச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டி, அம்மாவுக்கும் தங்கைக்கும் விளக்கினான்.

"டாக்டர் எந்த அர்த்தத்துல சொன்னார்னு நமக்குத் தெரியாது. அதனால எல்லா அர்த்தத்தையும் அடைச்சுடணும்."

அடைத்தார்கள். காபி நரம்பைச் சுண்டும் என்று ராகிக் கஞ்சியானது. மெட்ராஸில் டெஸ்ட் மாட்ச் நடந்த ஐந்து நாளும் டிரான்சிஸ்டரின் பாட்டரிகள் அரிசி டப்பாவுக்குள் இருந்தன. பேப்பரை முதலில் ஸ்ரீகண்டன் வாசித்து, கத்தரிக்கோலால் ஜன்னல் ஜன்னலாக வெட்டி, மிச்சத்தைக் கொடுத்தான். முதல் நாள் வெளியூர்ச் செய்திகள் மிஞ்சின, இரண்டாவது வாரத்தில் வானிலை மட்டும். நல்ல சேதியும் கூடாது. விசாலாக்ஷி பி.யு.சி. அரைப் பரீட்சையில் கணக்கில் முதலாவதாக வந்ததைப் பின்கட்டில் கிசுகிசுத்துக் கொண்டாடினார்கள். கூடத்துச் சுவர்க் கடிகாரம் மூன்றே காலில் நிறுத்தப்பட்டது. நாற்பது பக்க நோட்டு பரணுக்குப் போனது. கடைசியாகக் கைக்கடிகாரம்.

"என் வாட்ச் எங்கேடா?"

"ரிப்பேருக்குக் குடுத்திருக்குப்பா."

"நன்னா ஓடிண்டிருந்துதேடா!"

"அதான் ரிப்பேர்."

வைத்யநாதன் கத்தினார். முதல் வாரம் முழுக்கக் கத்தினார். காபியைக் கேட்டுக் கத்தினார், பேப்பரில் ஓட்டை எதற்கு என்று கத்தினார், ஓட்டை வழியாக மகனைப் பார்த்துக் கத்தினார். அதற்கும் ஸ்ரீகண்டன் வழி வைத்திருந்தான். கேட்க ஆள் இருந்தால்தானே கோபம்? அவர் குரலை உயர்த்தியவுடன் கூடத்திலிருந்து எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து போய்விட வேண்டும். போனார்கள். சீதாலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். விசாலாக்ஷி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள். ஸ்ரீகண்டன் பேனாவை மூடி, புஸ்தகத்தில் அடையாளத் தாள் வைத்து, நிதானமாகப் போனான்.

"நான் பேசிண்டே இருக்கேன்! எழுந்து போறேளே! ஏய்! ஏண்டா, பதிலாவது சொல்லிட்டுப் போடா!"

நின்ற கடிகாரத்துக்கு முன்னால் அந்த மனிதர் தனியாகக் கத்தி, தனியாக நிறுத்தினார்.

பொங்கலுக்கு அப்புறம் அவர் கத்துவதை விட்டுவிட்டார். தண்டவாளம் ஒரு தெரு தள்ளித்தான். வண்டி போகும்போதெல்லாம் படுத்தபடியே, "இது ஏழு இருபதா, எட்டா?" என்று கேட்பார். யாரும் சொல்லக் கூடாது என்று சட்டம். நாலைந்து நாளில் அதையும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். எப்போது எதைப் போட்டாலும் சாப்பிட்டார்.

"பார்த்தியா, நெத்தில ஒரு சுருக்கம் இல்லே" என்றான் ஸ்ரீகண்டன்.

"நேத்திக்கு அம்மா சாதம் போட ஒண்ணரை மணி ஆச்சு" என்றாள் விசாலாக்ஷி. "ஒரு வார்த்தை கேக்கலை. ரசத்துல உப்பில்லே, அதையும் கேக்கலை. எனக்கு பயமா இருக்குடா, ஸ்ரீ."

"இதுக்குப் பேருதான் குணமாறது."

ஜனவரி இருபதாம் தேதி, திங்கட்கிழமை, ரிஜிஸ்டர் தபாலில் டிவிஷன் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியது ஸ்ரீகண்டன். உள்ளே பத்து வரி இங்கிலீஷ். கார்டு வைத்யநாதன் இனிமேல் ஓடும் வண்டியில் வேலை செய்ய உடல் தகுதி இல்லாதவர் என்று டாக்டர்கள் குழு முடிவு செய்திருக்கிறது. தரையில் மாற்று வேலை தரப்படும். அதற்குச் சம்மதமா என்று பதினைந்து நாளுக்குள் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் சம்மதமில்லை என்று வைத்துக்கொண்டு வேலையிலிருந்து விடுவிக்கப்படுவார்.

விசாலாக்ஷி தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டாள்.

"அப்பாவுக்கு இனிமே வண்டி கிடையாதா?"

"மெதுவா."

"சொல்லிடுடா அவர்கிட்ட. பதினஞ்சு நாள்தான்னு போட்டிருக்கு."

"இந்த லெட்டரை விட எக்ஸைட் பண்ற வஸ்து உலகத்துல உண்டா? பிப்ரவரி கடைசி வரைக்கும் டாக்டர் கெடு. அப்புறம் சொல்லலாம்."

"அவா பதினஞ்சு நாள்ங்கறா!"

"அசடே, ஆபீஸ்காரன் பதினஞ்சு நாள்னு எழுதறது ஒரு அலங்காரம். 'தங்கள் பணிவுள்ள ஊழியன்'னு கீழே எழுதறானே, அவன் நமக்கு ஊழியனா? அந்த மாதிரி."

கடிதத்தை மடித்துத் தன் மொழிநூல் பாடப் புஸ்தகத்துக்குள் வைத்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா எக்ஸைட் ஆனால் அப்பா எக்ஸைட் ஆவார் என்பது அவனுடைய கணிப்பு.

பிப்ரவரி ஆறாம் தேதி மத்தியானம் மல்லப்பன் வந்தார். அவரும் கார்டுதான், கொள்ளேகால்காரர். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் செருப்பை உதறியபடியே பேச ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீகண்டன் பின்கட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். வாசலுக்கு ஓடி வருவதற்குள் அவர் கூடத்துக்கு வந்துவிட்டார்.

"என்னங்க வைத்யநாதன், படுத்தே கெடக்கறீங்கொ? சம்மதக் கடுதாசி குடுக்கலீங்களா நீங்க? ஆபீஸ்ல கேட்டேன், உங்க காயிதமே வரலீன்னு சொல்றாங்கொ. கெடு முந்தாநாளே முடிஞ்சு போச்சுங்களே!"

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பினார்.

"என்ன கெடு?"

"ரிஜிஸ்டர் தபால்ல போட்டிருக்காங்களாமுங்கொ. மாத்து வேலைக்கி."

"மாத்து வேலையா?"

சீதாலக்ஷ்மி சமையலறை வாசலில் நின்று, "எந்தத் தபால்? எனக்கொண்ணும் தெரியாதே" என்றாள். விசாலாக்ஷி அண்ணனைப் பார்த்தாள். வைத்யநாதனின் கண்ணும் அந்தப் பார்வையோடு போய் அண்ணன் மேல் நின்றது.

"எடுத்துண்டு வா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

ஸ்ரீகண்டன் எடுத்துக்கொண்டு வந்தான். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பத்து வரியையும் இரண்டு தரம் படித்தார். ஓடும் வண்டி இல்லை என்ற வரியில் கட்டைவிரல் கொஞ்ச நேரம் நின்றது. ஸ்ரீகண்டன் அவர் மார்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"என் வாட்ச்."

"அப்பா, டாக்டர் சொன்னது..."

"வாட்ச்!"

தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மல்லப்பன் கையிலிருந்த வாழைப்பழத்தைக் கீழே வைத்தார். அரிசி டப்பாவிலிருந்து விசாலாக்ஷி கடிகாரத்தை எடுத்து வந்து, சாவி கொடுத்து, மல்லப்பன் வாட்சைப் பார்த்து நேரம் வைத்து அப்பாவின் கையில் கட்டினாள். மூணு மணி நாப்பது.

"பதினேழு நாள்" என்றார் வைத்யநாதன். "பதினேழு நாள் என் காயிதத்தை உன் புஸ்தகத்துல நிறுத்தி வெச்சிருக்கே. எந்தச் சிக்னல்டா உன்னை நிக்கச் சொல்லித்து? எனக்கு வலி மார்லடா! தலைல இல்லே! கையெழுத்துப் போடற கை இருக்கு, படிக்கற கண்ணு இருக்கு. பேப்பரை வெட்டறே, வாட்சை ஒளிக்கறே, நான் பேசினா எழுந்து போறே. ஒரு மாசமா இந்த ஆத்துல ஒரு மனுஷனும் எனக்கு ஒரு காரணம் சொல்லலை!"

"ஏன்னா, மெதுவா, மெதுவா..." என்று சீதாலக்ஷ்மி கையைப் பிசைந்தாள்.

"நீ சும்மா இரு! ஏண்டா, உனக்குக் கோபமே வராதாமே? காலேஜெல்லாம் சொல்லிண்டு திரியறயாமே? உன் காலேஜ் குமாஸ்தா அப்பவே மார்க்கெட்ல சொன்னார். கோபம் வராதவன்தான் பெத்தவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடுவான்! கிளம்புடா. அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடிடுவா."

ஸ்ரீகண்டன் டாங்கா பிடித்துவர ஓடினான்.

டாங்காவில் போகிற வழியெல்லாம் அவர் நிறுத்தவில்லை. ராகிக் கஞ்சியைத் திட்டினார், வானிலையைத் திட்டினார், பல்கலைக்கழகத்தைத் திட்டினார். குதிரை காதை மடக்கிக்கொண்டு ஓடியது. நடுவில் ஒரு தரம் மூச்சு வாங்க நிறுத்தியபோது ஸ்ரீகண்டன் கையை அவர் முதுகுக்குப் பின்னால் கொண்டு போனான். "எடு கையை" என்றார். எடுத்தான். ஒரு மாதமாக வெளுத்துக் கிடந்த அந்த முகத்தில் காது மடல் வரைக்கும் ரத்தம் ஓடியிருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவனை ஆட்டிவிட்டது.

ஆபீஸில் அந்த ஃபைலைப் பார்க்கிறவர் நஞ்சுண்டசாமி என்ற குமாஸ்தா. வெற்றிலைப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்து, தேதியைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"டைம் ஆயித்து ஸ்வாமி. நாலாந்தேதியே முடிஞ்சுது."

"தெரியும். தாமதம் ரெண்டு நாள். சம்மதம் எழுதிக் கொண்டு வந்திருக்கேன்."

"ஏன் லேட்டுன்னு காரணம் எழுதிக் கொடுக்கணும். சாஹேப் ஒத்துக்கொண்டா ஆயிது. ஒத்துக்கலேன்னா, இல்ல." பெருமாள் கோயில் பட்டர் மாதிரிக் குரலைத் தாழ்த்தினார். "தபால் லேட்டா வந்துதுன்னு எழுதிடுங்க. எல்லாரும் அதான் எழுதறாங்க. சாஹேப் கண்ண மூடிண்டு சைன் ஹாக்குவார்."

அது மிகவும் சுலபமான வழி. ஸ்ரீகண்டன் அப்பாவைப் பார்த்தான். எழுதிவிடுங்களேன் என்று கண்ணால் கெஞ்சினான்.

"தபால்காரன் இருபதாந்தேதியே குடுத்துட்டான்" என்றார் வைத்யநாதன். "அவன் பேர்ல எதுக்கு எழுதணும்?"

"அவனுக்கு யார் சொல்லப் போறாங்க?"

"இருபத்தாறு வருஷம் ரிப்போர்ட் எழுதியிருக்கேன். ஒரு நிமிஷத்துக்குக்கூடப் பொய்க் காரணம் எழுதினதில்லே. இப்போ என் வேலைக்கே எழுதவா? டிரைவர் பேர்ல போடு, கேட்மேன் பேர்ல போடு, தபால்காரன் பேர்ல போடு, யார் தலைலயாவது கட்டு, இல்லே? எவன் கேக்கப் போறான்!"

"எக்ஸைட் ஆகபேடி ஸ்வாமி..."

"ஆவேன்!"

பெரிய அறை அது. பத்துப் பன்னிரண்டு மேஜை. எல்லாத் தலையும் நிமிர்ந்தது.

"ஆவேன் ஐயா! இதைத்தான் ஒரு மாசமா என் ஆத்துல கதவுல எழுதி ஒட்டியிருக்கா. நான் ஆனா உமக்கென்ன கஷ்டம்?" மகன் பக்கம் திரும்பினார். "காரணத்தை இவன் எழுதுவான். இவன்தான் வண்டியை நிறுத்தினான். இல்லே, நானே எழுதவா? காரணம்: பி.ஏ. இங்கிலீஷ்னு?"

நஞ்சுண்டசாமி ஒரு தாளை நகர்த்திவைத்தார். ஸ்ரீகண்டன் நின்றபடியே குனிந்து எழுத ஆரம்பித்தான். மருத்துவரின் அறிவுரையை அதன் முழு விரிவிலும் பின்பற்ற நேர்ந்த அசாதாரணச் சூழ்நிலையில், என்று இங்கிலீஷில் அருமையாக ஒரு வாக்கியம் ஓடியது. நாலாவது வரியில் வைத்யநாதன் அதை உருவிக் கிழித்தார்.

"நேரம். இடம். காரணம். மூணே மூணு."

இரண்டாவது தாள். 'கடிதம் ஜனவரி 20 பகல் 11.40க்கு வீட்டில் என்னிடம் கொடுக்கப்பட்டது. நான் என் தகப்பனாரிடம் கொடுக்கவில்லை. காரணம்' என்று எழுதிவிட்டு நின்றான். அகராதியின் அரைப் பத்தியும் அவனுக்கு மனப்பாடம். அதில் எதை எழுதினாலும் அது டாக்டரின் காரணம், அகராதியின் காரணம். தன் காரணம் அதில் இல்லை.

'காரணம்: அவர் செத்துவிடுவார் என்று எனக்குப் பயம்' என்று எழுதினான். கையெழுத்துப் போட்டான்.

வைத்யநாதன் வாங்கிப் படித்தார். வாட்சைப் பார்த்து, தாளின் ஓரத்தில் 4.31 என்று குறித்தார். நஞ்சுண்டசாமியிடம் கொடுத்தார்.

நஞ்சுண்டசாமி உள்ளே போய் வர இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. "சாஹேப் ரெண்டு தடவை ஓதினார்" என்றார் வந்து. "அவர் தந்தைக்கும் மார்ல ப்ராப்ளமாம்." முத்திரையை மையில் குத்தி, தாளில் குத்தினார். ட்ரெய்ன்ஸ் கிளார்க் வேலை. வருகிற போகிற வண்டியின் பெட்டி நம்பர்களை எழுதி வைக்க வேண்டும். நஞ்சன்கூடு பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷன். தினம் காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம்.

திரும்பி வரும்போது டாங்காவில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை, மகனோடு. மனைவியோடு பேசினார், மகளுக்குக் கணக்கில் முதல் மார்க் வந்ததைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், ஒரு மாதம் பிந்திச் சொன்னதற்குத் திட்டினார். காபி வந்தது. டிரான்சிஸ்டர் பாடியது. ஸ்ரீகண்டன் கூடத்துக்கு வந்தால் மட்டும் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருப்பார். அந்தத் துடைப்பு முடியவே முடியாது. கேன்டீனுக்குப் போய் ஸ்ரீகண்டன் ஒரு மூலையில் உட்கார்ந்தான். கோபத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "பில்லைக் குடு" என்றான்.

மார்ச் மூன்றாம் தேதி அவர் புது வேலைக்குப் போனார். கார்டின் கறுப்புக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது. சாதாரணச் சட்டையில், கையில் டிபன் பெட்டியோடு, காலைப் பாசஞ்சரில். "வரேன்" என்றார், வாசலைப் பார்த்து.

சாயங்காலம் ஐந்தரைக்கே சீதாலக்ஷ்மி ஆரம்பித்துவிட்டாள்.

"ஸ்டேஷன் பக்கம் போய் நில்லேன்டா. முதல் நாள்."

"அவருக்குப் பிடிக்காது."

"பிடிக்காட்டா தூரமா நில்லு."

சாமராஜபுரம் ஸ்டேஷன் என்பது ஒரு பிளாட்பாரம், ஒரு டிக்கெட் ஜன்னல், ஒரு கடிகாரம். வண்டி 6.05க்கு வர வேண்டும். ஸ்ரீகண்டன் கடைசியில், வேப்பமரத்துப் பக்கம் நின்றான். 6.05 ஆனது. 6.10. தண்டவாளம் தெற்கே வளைகிற இடத்தில் ஒன்றுமில்லை. 6.14க்கு அவன் டிக்கெட் ஜன்னலுக்குப் போனான். அது மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு போர்ட்டர் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான்.

"வண்டி எங்கே இருக்கு?"

"பருத்தே, நில்லி" என்றான் போர்ட்டர். வரும், நில்லுங்கள்.

"வரும்னு தெரியும். ஏன் லேட்?"

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்காவது தெரியணுமே! போன் இருக்கு, கேளுங்கோ. என்ன ஆச்சுன்னு கேளுங்கோ!"

"எதுக்கு ஸ்வாமி இவ்ளோ சத்தம்? மனைல யாராவது பிள்ளை பெத்திருக்காங்களா?"

ஸ்ரீகண்டனுக்குக் காது சுட்டது. வண்டியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்று நடுவழியில் நிறுத்தியிருக்கலாம். யாருக்கு என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை. அந்த மூட்டையை உதைக்க வேண்டும், அந்த பீடியைப் பிடுங்கி எறிய வேண்டும், அந்த ஜன்னலை இரண்டு கையாலும் குத்த வேண்டும். எதுவும் செய்யாமல் வேப்பமரத்துக்குத் திரும்பினான். சட்டைப் பையில் யாரோ தெருவில் திணித்த சினிமா நோட்டீஸ் இருந்தது. அதைத் திருப்பி, மரத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, பேனாவைத் திறந்தான்.

'சாமராஜபுரம். 6.05க்கு வர வேண்டியது. 6.29 ஆகியும் வரவில்லை. 24 நிமிடம்.'

தூரத்தில் வளைவுக்கு அப்பால் புகை கிளம்பியது. அவன் 6.29ஐயும் 24ஐயும் அடித்துவிட்டு, எஞ்சின் பிளாட்பாரத்தைத் தொடுகிற வரைக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். 6.32 என்றும், 27 நிமிடம் என்றும் திருத்தினான். பெட்டிக் கதவுகள் திறந்தன. அவன் நிமிரவில்லை. கீழே இன்னும் ஒரு வரி எழுதினான்: 'காரணம் தரப்படவில்லை.' பேனா முனை காகிதத்தைக் கிழித்துக்கொண்டு மரப்பட்டையில் இறங்கியது.